கார்சியாவுக்காக வந்தவர்கள்

ஒரு குழுவின் முதல் ஆல்பம் வெளிவரும் நாளில் அந்தக் குழு உயிரோடு இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பது இயல்புதான். 'ஓல்ட் அண்ட் இன் த வே' என்ற அமெரிக்க ப்ளூகிராஸ் குழு விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 1973 வசந்தத்தில் கலிஃபோர்னியாவில் கூடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டார்கள். அவர்கள் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் 1975-ல்தான் கடைக்கு வந்தது. வாங்கிக் கேட்டு மயங்கி, 'அடுத்த கச்சேரி எங்கே?' என்று விசாரித்தவர்களுக்குக் குழு இல்லை என்பதுதான் பதில்.

எனக்கு அந்த ஆல்பம் கிடைத்தது அதற்கும் முப்பது வருஷம் கழித்து, பெர்க்லியில் ஒரு பழைய சிடி கடையில். வேலை விஷயமாக சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் சில வருஷங்கள் இருந்தேன். சனிக்கிழமை மதியங்களை அந்தக் கடையில்தான் கழிப்பேன். நான்கு டாலர். ப்ளூகிராஸ் என்றால் என்ன என்று அப்போது எனக்கு உருப்படியாகத் தெரியாது. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் டக டகவென்று ஓடும், அவ்வளவுதான். வாங்கியதற்குக் காரணம் குழுவில் ஒருவராக இருந்த ஜெர்ரி கார்சியா என்ற பெயர். கிரேட்ஃபுல் டெட் குழுவின் கிடார்க்காரர். அந்த ஊரில் அவரைத் தெரியாமல் இருக்க முடியாது. டீ ஷர்ட்டில் இருப்பார், கார் பின்கண்ணாடியில் இருப்பார், ஐஸ்கிரீமின் பெயரிலும் இருப்பார்.

1975-ல் அந்த ரெக்கார்டை வாங்கியவர்களில் பெரும்பகுதியினரும் என்னைப் போலத்தான் வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாடிக்காரருக்காக.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். கென்டக்கியில் ரோசைன் என்ற சிற்றூரில் 1911-ல் பிறந்த பில் மன்ரோ, 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தார். 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தொரு வயதுப் பையன் அதில் சேர்ந்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகம் மாட்டிக்கொண்டு, பொரி பொரிவதுபோலப் பான்ஜோ வாசித்தான். பின்னாளில் அந்தக் குழுவின் பெயரே ஒரு இசை வகையின் பெயரானது. தாள வாத்தியம் கிடையாது. பேஸ் அடியைப் போட, அடிகளுக்கு நடுவில் மேண்டலின் 'சக்' என்று நறுக்கும். அந்த நறுக்குதான் டிரம். பாட்டு வரிகளுக்கு நடுவே ஃபிடில், பான்ஜோ, மேண்டலின் என்று ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு சுற்று வாசித்துவிட்டுப் பின்வாங்குவார்கள். கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முறை பிடிபட அதிக நேரம் ஆகாது. பான்ஜோவின் ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையாக, பாதிக் கழுத்திலிருந்து கிளம்பும். எந்த மெட்டு போனாலும் அது தன் சுருதியில் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை அதைக் கவனித்தபோது, ஓடிக்கொண்டே மீட்டும் தம்புரா என்று நினைத்துக்கொண்டேன்.

கார்சியா ராக் கிடார்க்காரர் ஆவதற்கு முன்பு பான்ஜோ பைத்தியம். நான்கு வயதில், விறகு வெட்டும்போது நடந்த விபத்தில், அண்ணன் கைக் கோடரிபட்டு வலதுகை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தவர். மூன்று விரல் வாத்தியம் ஒன்றில் ஏன் போய் விழுந்தார் என்று கேட்டால், ஆசைக்கு விரல் கணக்கு தெரியாது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. 1964-ல் நண்பர் சாண்டி ராத்மனோடு காரில் கண்டத்தைக் கடந்து கிழக்கே போனார். டேப் ரெக்கார்டரும் கூடப் போனது. அந்தக் காலத்து ப்ளூகிராஸ் ரசிகர்கள் மேடைக்கருகே மைக் வைத்துக் கச்சேரிகளைப் பதிவுசெய்து தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள். இண்டியானாவில் பீன் பிளாசம் என்ற இடத்தில் மன்ரோவின் இசைப் பூங்கா. மன்ரோவிடம் 'என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பதுதான் பயணத்தின் உள்நோக்கம். அருகில் போய் நின்றார். வாய் வரவில்லை. திரும்பிவிட்டார்.

அடுத்த வருஷம் மின்கிடாரை எடுத்துக்கொண்டார். மற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. தன் ரசிகர்கள் கச்சேரிகளைப் பதிவுசெய்து இலவசமாகக் கைமாற்றிக்கொள்வதை கிரேட்ஃபுல் டெட் தடுக்காமல் விட்டதற்குப் பின்னால் இந்தப் பீன் பிளாசம் டேப் ரெக்கார்டரும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதே 1964-ல், பென்சில்வேனியாவில் ஒரு பூங்காக் கச்சேரியில் நியூ ஜெர்சிக்கார மேண்டலின் பையன் ஒருவனை கார்சியா சந்தித்தார். டேவிட் கிரிஸ்மன். ஒன்பது வருஷம் கழித்து கலிஃபோர்னியாவில் இருவருக்கும் ஒரே கடற்கரை ஊர், ஸ்டின்ஸன் பீச். பீட்டர் ரோவனும் அங்கே இருந்தார். அறுபதுகளின் நடுவில் மன்ரோவிடமே கிடார் வாசித்துப் பாடியவர். கார்சியா கேட்கத் துணியாத இடத்தில் இருந்து வந்தவர் என்றும் சொல்லலாம். பேஸுக்கு ஜான் கான், கார்சியாவோடு ப்ளூஸும் ராக்கும் வாசித்துக்கொண்டிருந்தவர். கார்சியா பழையபடி பான்ஜோவோடு உட்கார, வீட்டுக்கூடத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கியது குழுவானது. கிரிஸ்மன் எழுதிய ஒரு பாட்டின் தலைப்பையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'கிழடு, இடைஞ்சல் வேற'. வைத்துக்கொண்டவர்களுக்கு அப்போது வயது முப்பதைச் சுற்றி. கானுக்கு இருபத்தாறுதான்.

ஃபிடிலுக்கு ஆள் மாறி மாறி வந்தார்கள். ரிச்சர்ட் கிரீன் வந்தார், ஜான் ஹார்ட்ஃபோர்ட் வந்தார். கடைசியில் வந்து உட்கார்ந்தவர் வாஸர் கிளெமென்ட்ஸ்.

இவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன். 1928-ல் ஃபுளோரிடாவில் பிறந்தவர், கிசிம்மி என்ற ஊரில் வளர்ந்தவர். ஏழு வயதில் தானாக வாசிக்கக் கற்றார். மன்ரோவின் புகழ்பெற்ற ஃபிடில்காரர் சப்பி வைஸ் அவருடைய வளர்ப்புத் தந்தைக்கு நண்பர். இருபத்தொரு வயதில் வாஸரும் மன்ரோவிடம் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு புகழ் ஏறுமுகம் என்று நினைத்தால் தப்பு. இடையில் குடி, இடையில் இசையே இல்லாத வருஷங்கள். கென்னடி விண்வெளி மையத்தில் குழாய் வேலை பார்த்தார். ஜார்ஜியாவில் காகித ஆலையில் இருந்தார். ரயில்வேயில் ரயில்களைத் தடம் மாற்றிவிடும் வேலை செய்தார். இன்ஷூரன்ஸ் விற்றார். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் உருளைக்கிழங்கு வறுவல் வியாபாரம் செய்தார். நாட்டின் மிகச் சிறந்த ஃபிடில்காரர்களில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்த காட்சியை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு. அறுபதுகளின் கடைசியில் நாஷ்வில்லுக்குத் திரும்பினார். 1972-ல் 'நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்' என்ற இளைஞர் குழு பழைய தலைமுறை மேதைகளைக் கூப்பிட்டு வெளியிட்ட மூன்று தட்டு ஆல்பத்தில் இவர் ஃபிடில் முன்வரிசைக்கு வந்தது. அடுத்த வருஷம் ஸ்டின்ஸன் பீச்காரர்களோடு சேர்ந்தபோது வயது நாற்பத்தைந்து. 'கிழடு' என்ற பெயருக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்தது அவர் ஒருவர்தான்.

1973 அக்டோபர் 8, திங்கட்கிழமை. சான் ஃபிரான்சிஸ்கோ புஷ் தெருவில் 'போர்டிங் ஹவுஸ்' என்ற சிறிய அரங்கு. ஸ்டீவ் மார்ட்டின் தன் முதல் நகைச்சுவை ஆல்பத்தைப் பின்னாளில் பதிவுசெய்ததும் அங்கேதான். அவரும் பான்ஜோக்காரர் என்பது தற்செயல். ஒருநாள் வேலை முடிந்து அந்தத் தெருவில் ஏறி இறங்கித் தேடினேன். அரங்கு இருந்த சுவடே இல்லை. அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கியது மட்டும் மிச்சம்.

அன்றிரவைப் பதிவுசெய்தவர் ஓவ்ஸ்லி ஸ்டான்லி, உடன் விக்கி பாப்காக். ஓவ்ஸ்லி அறுபதுகளில் எல்எஸ்டி தயாரித்ததற்காகப் பெயர் போனவர், சிறைக்கும் போனவர். கூடவே அபாரமான ஒலிக் கலைஞர். சில மாதங்களில் கிரேட்ஃபுல் டெட்டுக்காக நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளை மதில்போல அடுக்கி எழுப்பப்போகிறவர். அப்பேர்ப்பட்டவர் இந்தக் குழுவுக்குப் பயன்படுத்தியது எட்டே மைக். இடப்பக்கத்துக்கு நான்கு, வலப்பக்கத்துக்கு நான்கு, அங்கேயே கலந்து நேராக நாக்ரா என்ற டேப் ரெக்கார்டரில். பிறகு திருத்த வழியே இல்லை. பான்ஜோ சத்தம் கூடிவிட்டது என்றால் கூடியது கூடியதுதான். ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் வைத்து மாதக்கணக்கில் மெருகேற்றிய காலம் அது. இவர்களோ முதல் ஆல்பத்துக்கே இப்படி ஒரு ஒற்றை இரவை நம்பினார்கள். நம்பினார்கள் என்பதுகூடப் பொருந்தாது. ஓவ்ஸ்லி எல்லாக் கச்சேரிகளையும் பதிவுசெய்கிறவர், இதையும் பதிவுசெய்தார். பிற்பாடு எடுத்துக் கேட்டால் ஆல்பம் இருந்தது.

பத்துப் பாட்டு. கார்சியா பாடும் 'பிக் இன் எ பென்' முதலில், பழைய நாட்டுப்புறச் சரக்கு. அவர் குரலைத் தேடி வந்தவர்களை வாசலிலேயே உட்கார வைத்துவிடுகிறது. அடுத்தது ரோவனின் 'மிட்நைட் மூன்லைட்'. அதில் வாஸர் நுழையும் இடத்தை முதலில் கேட்டபோது நான் காரை ஓரங்கட்டினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு ஃப்ரீமான்டைத் தாண்டிப் போய்விட்டேன். மற்ற நான்கு பேரும் நேர்கோட்டில் ஓடும்போது அவர் மட்டும் வளைந்து வருகிறார். அடிக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்று, பிறகு வழுக்கி முன்னால் போகிறார். ஒரே தந்தியில் சறுக்கும்போது ப்ளூஸ் வாசனை. திடீரென்று நாற்பதுகளின் நடன அரங்கு ஜாஸ் ஒன்று எட்டிப்பார்த்துவிட்டு ஓடுகிறது. சின்ன வயதில் ரேடியோவில் பெரிய ஜாஸ் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

இரண்டாம் பக்கத்தில் ரோவனின் 'பனாமா ரெட்' கஞ்சாவைப் பற்றிய குறும்புப் பாட்டு. அடுத்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'வைல்ட் ஹார்ஸஸ்'. அதற்குப் பிறகு, எந்த வித முன்னறிவிப்பும் இல்லாமல், பழைய தலைமுறை ப்ளூகிராஸ் ஜோடியான ஸ்டான்லி சகோதரர்களின் 'ஒயிட் டவ்': அப்பா அம்மா போய்விட்ட துக்கத்தில் வெள்ளைப் புறாவும் அழும் மலைநாட்டுப் பாட்டு. இவற்றுக்கு நடுவில் வாஸரே அமைத்த 'கிசிம்மி கிட்', பாட்டில்லாத வாசிப்பு. கடைசியாக ஆறு நிமிஷத்துக்கு மேல் நீளும் 'லேண்ட் ஆஃப் த நவாஹோ', ரோவன் ஒரு ஒப்பாரிபோல ஓங்கிக் குரலெடுப்பது. முறைப்படி ப்ளூகிராஸ் கற்றவர் யாரும் இந்த வரிசையை ஒரே தட்டில் வைத்திருக்க மாட்டார்கள்.

வைத்ததால்தான் விற்றது. ப்ளூகிராஸ் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆல்பம் இதுதான் என்று பல வருஷங்கள் பேச்சு இருந்தது, 2000-ல் கோயன் சகோதரர்களின் படப்பாட்டுத் தட்டு ஒன்று வந்து எல்லாக் கணக்கையும் மாற்றும் வரை. கென்டக்கியையோ மன்ரோவையோ கேள்விப்பட்டிராத இளைஞர்கள், தலைமுடியும் மணிமாலையுமாக, கார்சியாவுக்காகத் தட்டை வாங்கினார்கள். வீட்டுக்குப் போய் ஊசியை வைத்தார்கள். ஃபிடில் வாசிப்பது யார் என்று உறையைத் திருப்பிப் பார்த்தார்கள். அங்கிருந்து வாஸரின் தனித்தட்டுகளுக்குப் போனார்கள், அங்கிருந்து மன்ரோவுக்கு, ஸ்டான்லி சகோதரர்களுக்கு. நான் போன வழியும் அதேதான், முப்பது வருஷம் தாமதமாக.

மறுபக்கமும் இருந்தது. என் அலுவலகத்தில் கிழக்கு டென்னஸியில் பிறந்த ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி நான் உருகியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, பான்ஜோ சரியில்லை என்று ஒரே வரியில் முடித்தார். கார்சியாவின் விரல்கள் உருளும்போது சீர் இல்லை, பத்து வருஷம் தொடாத வாத்தியம் அப்படித்தான் கேட்கும் என்றார். பேஸ்காரர் ராக் ஆள். பாதிப் பாட்டு கஞ்சா. அவருக்குக் கோபம் அதில்கூட இல்லை. ப்ளூகிராஸ் என்றாலே வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இந்தத் தட்டைச் சொல்வதுதான் அவரை எரிச்சல்படுத்தியது. சின்ன வயதில் தான் மாதாகோவில் மைதானங்களிலும் தீயணைப்பு நிலையக் கூடங்களிலும் கேட்டு வளர்ந்த சங்கீதத்துக்குக் கலிஃபோர்னியா முகவரி கொடுத்துவிட்டார்கள் என்றார். இந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. சினிமாவில் வந்த பிறகு மட்டும் ஒரு தெம்மாங்கைக் கொண்டாடுகிறவர்களைப் பார்த்து நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதே தொனியில்தான் பேசுவார்.

மறுநாள் ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தார். அதே 1975-ல் வந்த 'ஜே.டி. குரோ அண்ட் த நியூ சவுத்'. ரவுண்டர் நிறுவனத்தின் தட்டு, வரிசை எண் 0044. விஷயம் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லாமல் எண்ணையே சொல்வார்கள். பான்ஜோ குரோ. கிடார் டோனி ரைஸ். இருபது வயதை ஒட்டிய இரண்டு பையன்கள், ரிக்கி ஸ்காக்ஸ், ஜெர்ரி டக்ளஸ். ஒரு ஸ்வரம் வழுவாது. மூன்று குரல்கள் சேரும் இடத்தில் கத்தி நுழைய இடமில்லை. 2024-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இதைச் சேர்த்தது, நியாயம்தான். இரண்டில் எது சிறந்த ஆல்பம் என்று கேட்டால் யோசிக்காமல் 0044 என்பேன். எதை அதிகம் கேட்டிருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் பதில் வேறு.

காரணத்தை யோசித்திருக்கிறேன். 0044-ஐக் கேட்டால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடத் தோன்றும், நமக்கு இது ஆகாது என்று. ஓல்ட் அண்ட் இன் த வே அப்படி மிரட்டாது. கார்சியாவின் பான்ஜோவில் சீர் குறைகிற இடங்களில் சந்தோஷம் கூடுகிறது. பீன் பிளாசத்தில் வாய் வராமல் நின்ற பையனுக்கு ஒன்பது வருஷம் கழித்து, மன்ரோவிடம் வாசித்த இரண்டு பேருக்கு நடுவில் இடம் கிடைத்திருக்கிறது, அதை ஒளிக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கோல்டன் கேட் பார்க்கில் ஒவ்வொரு அக்டோபரும் இலவசமாக நடக்கும் ப்ளூகிராஸ் விழாவுக்குப் போயிருந்தேன். பெரிய மேடைகளுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 'மிட்நைட் மூன்லைட்' எடுத்தார்கள். பான்ஜோப் பெண் இரண்டு இடத்தில் தடுமாறிச் சிரித்தாள். சுற்றி நின்ற வெள்ளைத்தாடிக்காரர்கள் அத்தனை பேருக்கும் வரிகள் மனப்பாடம்.

இரண்டு தட்டுகளுக்கும் நடுவே ஒரு கண்ணியும் உண்டு. அதே 1975-ல் டோனி ரைஸ் குரோவின் குழுவை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார், கிரிஸ்மன் புதிதாகத் தொடங்கிய ஐவர் குழுவில் சேர. டென்னஸிக்காரரிடம் இதைச் சொன்னபோது, தெரியும் என்று மட்டும் சொல்லி டிபன் டப்பாவை மூடினார்.

வாஸர் 2005 ஆகஸ்டில் இறந்தார். நான் அந்த சிடியை வாங்கியபோதே அவர் இல்லை. கார்சியா 1995-லேயே போய்விட்டார், ஜான் கான் அதற்கடுத்த வருஷம். மிச்சமிருந்த பதிவுகளை கிரிஸ்மன் தன் சொந்த நிறுவனத்தில் தொண்ணூறுகளில் இரண்டு தட்டாக வெளியிட்டார். பின்னர் போர்டிங் ஹவுஸில் அந்த அக்டோபரில் நடந்த இரண்டு கச்சேரிகளும் முழுமையாகவே வந்தன. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் முதல் தட்டின் வரிசை காதில் ஊறிவிட்டதால், எனக்கு அந்த இரவு பத்துப் பாட்டோடு முடிந்துவிட்டது.

ஊர் திரும்பும் முன் டென்னஸிக்காரர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கூடத்தில் ஒரு சுவர் முழுக்க எல்.பி. தட்டுகள். பெயர் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஓல்ட் அண்ட் இன் த வே. அதுவும் 1975-ல் வாங்கிய பிரதி. பதினேழு வயதில் வாஸருக்காக வாங்கினேன், மற்றவர்களைப் பொறுத்துக்கொண்டேன் என்றார். உறையிலிருந்து தட்டை உருவி விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். முதல் பக்கம் கண்ணாடிபோல இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பட்டை, 'கிசிம்மி கிட்', வெளுத்திருந்தது. எதிர்பார்த்ததுதான். அதைவிட வெளுத்துக் கிடந்தது கடைசிப் பட்டை. ரோவன் ஓங்கிக் குரலெடுக்கும் அந்த ஆறு நிமிஷம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எல்.பி.யில் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டுகள் எப்போதுமே சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அவராகவே சொல்லிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டார்.